மிளகும் மிளகாயும்

1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படையினர் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். தாய்க்குச் சலாம் எழுதவும் படித்த தோழரின் கையை நாட வேண்டும். எழுதிய கடிதத்தை ஹோவெல் என்னும் அதிகாரியின் தலைமையில் தணிக்கையாளர் பிரித்துப் படிப்பர். ஊரிலும் பிறர்தாம் வாசித்துக் காட்டுவர். தாய்க்கும் மகனுக்கும் நடுவே இத்தனை பேர்!

ஆயினும் மனம் வழி கண்டது. இந்தியரைக் கருமிளகென்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகாயென்றும் குறித்து, கருமிளகு தீர்ந்து வருவதாக எழுதினர். பலசரக்குச் செய்தி போன்ற அவ்வரியில் போர்க்களத்தின் இழப்பெல்லாம் அடங்கியது. தணிக்கையாளரும் அதை உணராமலில்லை.

அம்மூலக் கடிதங்களில் மிகுதியானவை இன்றில்லை. தணிக்கையாளர் ஆங்கிலத்தில் பெயர்த்துவைத்த பகுதிகளே லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எஞ்சியுள்ளன. ஐயுற்றுப் படித்த கையே அவற்றைக் காத்தும் தந்தது!

அவற்றுள் பெரும்பாலானவை வடபுலத்தாருடையவை. நம்மவர் எழுதியவற்றை எங்கே தேடுவது? காடாம்புலியூர் முதல் பரங்கிப்பேட்டை வரை, எவரில்லத்துப் பெட்டியிலேனும் கடல் கடந்த பாட்டனார் தமிழிலோ அரபுத்தமிழிலோ எழுதிய தாள் கிடக்குமாயின், பழங்காகிதமென்று கழித்துவிடலாகாது. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே படிக்கச் செய்து எழுதிவைப்போம். அதற்குப் படியெடுத்து வைக்கத் தணிக்கையாளர் எவருமில்லை, நாம்தாம் உள்ளோம்.