ஒரே வட்டத்தில் சாராயமும் தூளும்: திருகோணமலையை முன்வைத்து மீட்புக் குழுக்களின் வரலாறு

திருகோணமலை மாவட்டத்தில் சாராயத்துக்கு அடிமையானவர் சிகிச்சைக்கு வரும் வழி ஒன்று, தூளுக்கு அடிமையானவர் வரும் வழி வேறு. குடிப்பவரை மனைவியோ தாயோ கெஞ்சிக் கூத்தாடி வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டி வருகிறார். ஹெரோயினோ ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைனோ பாவிப்பவரைப் பல வேளைகளில் பொலிஸார் நீதவான் முன் நிறுத்துகிறார்கள். முன்னவருக்கு வீட்டார் அனுதாபம் உண்டு. பின்னவர் குற்றவாளி என்றே ஊர் முடிவுகட்டிவிடுகிறது. இந்த இருவரும் ஒரே மீட்புக் குழுவில் உட்கார்ந்து, ஒருவர் கதையை மற்றவர் கேட்டுக் குணமடைய முடியுமா? இந்தக் கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இருவரையும் பிரித்ததில் நோயின் இயல்புக்கு இருந்த பங்கு சிறிது. சட்டமும் வெட்கமும் நிறுவனங்களின் அச்சமுமே பெரும்பங்கு வகித்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் போட்ட கோடு

இலங்கையில் இந்தப் பிரிவினை குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே எழுத்தில் வந்துவிட்டது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் அரசின் வருமானப் பொருளாக ஒழுங்குபடுத்தியது. தவறணைக்கு அனுமதிப்பத்திரம், வடிப்புக்கு வரி, அனுமதியில்லாத கசிப்புக்குத் தண்டம் என்பது அதன் போக்கு. அபினையும் கஞ்சாவையும் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் வேறாக எடுத்துக்கொண்டது. ஒன்றில் அரசு வியாபாரக் கூட்டாளி, மற்றதில் காவலாளி. திருகோணமலைத் துறைமுகத்தில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிந்திருக்கும். 1957 வரை இங்கே தளம் வைத்திருந்த பிரித்தானிய அரச கடற்படை தன் மாலுமிகளுக்கு நாளாந்தம் ரம் பங்கிட்டுக் கொடுத்தது. அந்த வழக்கம் 1970இல்தான் நின்றது. குடி இங்கே உத்தியோகபூர்வமான பங்கீடாகவே இருந்தது.

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் இலங்கைக்குள் பரவியபோது அரசு எழுப்பிய நிறுவனங்களும் அதே கோட்டின்மீதுதான் எழுந்தன. 1984இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, ஹெரோயின் கடத்தலுக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமளிக்கப்பட்டது. மதுவுக்கும் புகையிலைக்கும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தனி அதிகாரசபை வந்தது. அடுத்த ஆண்டே 54ஆம் இலக்கச் சட்டம் போதைப்பொருளில் தங்கியிருப்போரை நீதவானின் கட்டளைப்படி சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப வழிசெய்தது. குடிநோயாளியைக் கட்டாயமாக அனுப்பும் இதற்கு இணையான ஏற்பாடு இல்லை. கட்டுப்பாட்டுச் சபையின் நெடுங்கால வதிவிட நிலையங்களான தலங்கம, பேராதனை, நிட்டம்புவ, காலி ஆகிய நான்கும் கிழக்குக் கரைக்கு மிகத் தொலைவில் உள்ளன. வெலிக்கந்தைக்கு அருகிலுள்ள கந்தக்காடு போதைப் புனர்வாழ்வு நிலையம் கிட்ட இருந்தாலும், போர் முடிந்தபின் சரணடைந்த போராளிகளுக்குப் புனர்வாழ்வு என நடத்தப்பட்ட முகாம் அது. 2022 யூனில் அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாடே பார்த்தது. அந்தப் பெயரைக் கேட்டதுமே சிகிச்சை என்ற எண்ணம் எந்தத் தாய்க்கும் வராது.

விதிவிலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழும்பில் சுமித்ரயோ அமைப்பு 1984இல் தொடங்கிய மெல் மெதுர, குடியால் வந்தவரையும் தூளால் வந்தவரையும் அவரவர் விருப்பத்தின்பேரில், இரகசியம் காத்து ஏற்றுக்கொண்டது. கட்டுப்பாட்டுச் சபை பிறந்த அதே ஆண்டில், அதே நகரத்தில், கோட்டைப் பொருட்படுத்தாத ஓர் இடமும் பிறந்திருக்கிறது.

அக்ரன் முதல் கலிபோர்னியா வரை

மீட்புக் குழு என்ற வடிவம் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பொப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து வளர்ந்தது. ஒரு குடிநோயாளியின் பேச்சை இன்னொரு குடிநோயாளி நம்புவார் என்பதுதான் அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் என்ற ஏ.ஏ. அமைப்பின் மூலமுதல். ஆனால் தொடக்கக் காலத்தவரே மதுவோடு மட்டும் நின்றவர்கள் அல்லர். உறக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் தாம் மயக்க மருந்து உட்கொண்டதைப் பொப் ஸ்மித் தம் வாக்குமூலத்திலேயே எழுதியிருக்கிறார். கலப்பற்ற குடிநோயாளி என்பவர் முதல் வட்டத்திலேயே இருக்கவில்லை.

பின் ஏன் கதவு சுருங்கியது? பால்டிமோரில் 1840இல் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் குடியர்களின் சகோதர அமைப்பாக வேகமாகப் பரவியது. அரசியலிலும் பிற சீர்திருத்தச் சண்டைகளிலும் சிதறி அதே வேகத்தில் கலைந்தது. அந்தக் கதி தமக்கும் வந்துவிடக் கூடாது என்ற பயம் ஏ.ஏ. முன்னோடிகளை ஆட்டியது. 1950இல் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகளில் ஒன்று, குழுவுக்கு ஒரே நோக்கம் என வரையறுத்தது. உறுப்பினராகக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும் என்றது இன்னொன்று. மதுப்பழக்கம் இல்லாத போதைப்பொருள் நோயாளி ஏ.ஏ. உறுப்பினராக முடியாது என்று 1958இல் வில்சன் வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் இரண்டும் சேர்ந்தவரைத் தடுக்கக் கூடாது என்றும், உறுப்பினர்கள் வேறு நோக்கத்துக்குத் தனிக் குழு அமைத்துக்கொள்ளலாம் என்றும் அதே கட்டுரையில் வழிவிட்டார். இது வெறுப்பில் பிறந்த விலக்கல் அல்ல, தற்காப்பு. அந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1953இல், தெற்குக் கலிபோர்னியாவில் ஜிம்மி கின்னனும் சிலரும் இரு வகையினருக்கும் சேர்த்துக் கூட்டம் தொடங்கியிருந்தார்கள். தன் மீட்பு வழியான பன்னிரு படிகளையும் மரபுகளையும் எடுத்துக்கொள்ளலாம், பெயரை எடுக்கக் கூடாது என்றது ஏ.ஏ. அப்படிப் பிறந்ததுதான் நார்கோட்டிக்ஸ் அனானிமஸ், அதாவது என்.ஏ. அதன் முதற்படி மதுவையோ அபினையோ பெயர் சொல்வதில்லை. அடிமைத்தனத்தின் முன் தாம் வலுவிழந்தவர்கள் என்று மட்டும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. என்.ஏ.யின் கண்ணில் மதுவும் ஒரு போதைப்பொருள்தான். எனவே என்.ஏ. வட்டத்தில் குடிநோயாளிக்கு இடம் உண்டு. ஏ.ஏ.யில் குடிப்பழக்கம் இல்லாத தூள்காரருக்கு எவரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களில் மட்டும் உண்டு.

மருத்துவம் எதிர்த்திசையில் நடந்தது. உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 1964இல் எல்லாப் போதைகளுக்கும் பொதுவாகத் தங்கியிருத்தல் என்ற கருத்தைப் பரிந்துரைத்தது. 1992இல் வெளியான பத்தாம் நோய் வகைப்பாடு மதுவையும் அபினையும் கஞ்சாவையும் ஒரே தொகுதியில் அடுக்கியது. குழுக்கள் பிரிந்து நடந்த அதே காலத்தில் மருத்துவ நூல்கள் அவற்றைச் சேர்த்துவைத்தன.

தமிழ்நாட்டில் மருத்துவ வழியே முந்திக்கொண்டது. சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்த துயரிலிருந்து 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் இரு வகை நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரே கூரையின்கீழ் சிகிச்சை அளித்தது. மும்பையில் அருட்தந்தை ஜோ பெரெய்ரா 1981இல் தொடங்கிய கிருபா நிலையமும் அவ்வாறே.

சான்று என்ன சொல்கிறது

ஜோன் கெலியும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டது. வதிவிடச் சிகிச்சை பெற்ற இளவயதினர் 279 பேரைப் பின்தொடர்ந்து, மதுவல்லாத போதையை முதன்மையாகக் கொண்டவர்கள் என்.ஏ.க்குப் பதிலாக ஏ.ஏ.க்குப் போனால் பலன் குறைகிறதா என்று பார்த்தார்கள். குறையவில்லை. 2020இல் கெலி, ஹம்ஃப்ரீஸ், ஃபெரி ஆகியோரின் கொக்ரேன் மீளாய்வு 27 ஆய்வுகளைத் தொகுத்து, பன்னிரு படி வழியைச் சிகிச்சையோடு இணைத்தவர்கள் குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதில் முன்னிற்கிறார்கள் எனக் கண்டது. இவை பெரும்பாலும் மேற்கு நாடுகளில் கிடைத்த முடிவுகள். கூட்டம் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் கிடைத்த முடிவைக் கூட்டமே இல்லாத ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

ஒன்றை மட்டும் சேர்த்துவைக்கக் கூடாது: போதை இறங்கும் நாட்கள். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உடல் நடுக்கம், இல்லாததைக் காணுதல், மனக்குழப்பம் ஆகியவை உயிரையே பறிக்கலாம். தயமின் ஊசியும் மருத்துவக் கண்காணிப்பும் அவருக்கு இன்றியமையாதவை. ஹெரோயின் நிறுத்தியவருக்கு மூட்டுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை எல்லாம் பெரும் வேதனை. ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஐஸ் நிறுத்தியவர் நாட்கணக்கில் தூங்குவார், அல்லது எவரையும் சந்தேகிப்பார். எனவே படுக்கை வேறாகத்தான் இருக்க வேண்டும். உடல் தெளிந்தபின் மூவரும் உட்காரும் நாற்காலிகள் வேறாக இருக்கத் தேவையில்லை.

துறைமுகத்தின் நிலவரம்

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டம் இது. ஆகவே வெட்கத்துக்கும் இங்கே மூன்று முகங்கள். மதுவை மார்க்கம் விலக்கியிருக்கும் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஐஸுக்கு அடிமையான இளைஞன் குடிகாரர் கூட்டத்துக்குப் போகிறான் என்ற பேச்சு, அவனுடைய வாப்பாவுக்கு இரண்டாவது அடி. மீன்வாடியில் கடலுக்குப் போய்வந்த களைப்புக்குக் குடிப்பவரோ, தூள்காரரோடு தன்னைச் சேர்ப்பதையே அவமானமாகக் கருதுகிறார். ஒருவரை ஒருவர் கீழே வைத்துப் பார்ப்பதால்தான் தன் நோயை நோயென்று ஒப்பாமல் இருவரும் தப்பிக்கொள்கிறார்கள். அந்தத் தப்பித்தலை உடைக்க ஒரே வட்டத்தைவிட நல்ல இடம் இல்லை என்பேன்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. சிறிய ஊரில் தனித்தனிக் குழு என்றால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள். இருவர் வராத கிழமை கூட்டமே இல்லை. குடிப்பவர்களில் பலர் மாத்திரையும் போடுகிறார்கள். தூள் விட்டவர்களில் பலர் சாராயத்தில் போய் விழுகிறார்கள். எந்தக் குழுவில் சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆள் கைநழுவிப் போய்விடுவார்.

பெருந்தடை சட்டத்தின் நிழல். 2023 டிசம்பரில் பொலிஸார் தொடங்கிய யுக்திய என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கைக்குப்பின் போதை என்ற சொல்லோடு கைது என்ற அச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாராயம் குடித்ததைக் குழுவில் சொல்பவருக்கு வெட்கம் மட்டுமே விலை. ஐஸ் பாவித்ததைச் சொல்பவருக்கு அது விளக்கமறியலாகவும் முடியலாம். நீதிமன்றம் அனுப்பி வந்தவரும் தானாக வந்தவரும் அருகருகே உட்கார்ந்தாலும் ஒரே துணிச்சலோடு பேச மாட்டார்கள். வட்டத்தில் சமத்துவம் குலைவது இந்த இடத்தில்தான்.

ஆகவே இருவரும் சேர்ந்து மீளலாம், மீள வேண்டும். மூன்று நிபந்தனைகள் உண்டு. போதை இறக்கும் சிகிச்சை வைத்தியசாலையில் அவரவர் நோய்க்கேற்பத் தனியே நடக்கட்டும். குழுவின் பெயர்ப் பலகையில் குடியும் வேண்டாம், தூளும் வேண்டாம். வருகைப் பதிவேடு எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் போகாது என்ற உறுதியை மாவட்டச் செயலகமும் சுகாதாரத் துறையும் எழுத்தில் தரட்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எதுவாயினும் வாரத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிடட்டும். இந்த மாவட்டத்தின் உளநல வைத்திய அதிகாரிகளும் சமயத் தலைவர்களும் அந்த முதற் கூட்டத்தைக் கூட்டிவைக்க முன்வர வேண்டும்.