சூரியன் சுட்ட சோறு!

மணப்பாடு கடற்கரையில் மத்தியான வேளையில் செருப்பில்லாமல் நாலு எட்டு நடந்து பாருங்கள். 'வெயில்' என்ற வார்த்தைக்கு உள்ளங்கால் அர்த்தம் சொல்லும்!

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து இறங்கிய கரையோரம் இது. தூத்துக்குடியின் இந்த நீளக் கடற்கரை முழுக்க சூரியன்தான் முதலாளி. கடல் தண்ணீரை உப்பாக்குவது, மீனைக் கருவாடாக்குவது எல்லாமே அவர்தான். ஒரு காலத்தில் முத்துக்குளித்து எடுத்த சிப்பிகளையும் வெயிலில் போட்டு அழுக விட்டுத்தான் முத்தைப் பொறுக்கினார்கள்.

இவ்வளவு செய்கிற சூரியன், ரோட்டோரக் கடைக்கு ஒரு அடுப்பு மூட்டித் தரமாட்டாரா? கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல!

1767-ல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் ஹொரேஸ் தெ சொஸ்யூர் என்ற விஞ்ஞானி, ஒரு பெட்டிக்குள் கறுப்புப் பூசி, மேலே கண்ணாடிகளை அடுக்கி வெயிலில் வைத்தார். உள்ளே சூடு எகிறியது. பழங்கள் வெந்தே போயின! வெயில் உள்ளே போகும். சூடு வெளியே வராது. நிறுத்தி வைத்த காருக்குள் நாம் வேகிறோமே, அதே கதைதான்.

அடுத்த காட்சி, நம் பம்பாய். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கவலை. விறகு குறைந்துகொண்டே போகிறது, வெயிலோ வீணாகிறது! எட்டுப் பட்டைகளாகக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒரு அடுப்பு செய்தார். ஜனவரி மாத வெயிலிலேயே, ஏழு சிப்பாய்களுக்கான கறியும் காய்கறியும் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிட்டதாம். 1878-ல் இதையெல்லாம் புத்தகமாகவே எழுதினார். ஆனால், ஊர் கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-களில், டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் கிண்ணம் போல வளைந்த ஒரு சூரிய அடுப்பை உருவாக்கியது. கடைக்கும் வந்தது. அதுவும் போணியாகவில்லை. ஏன்?

விஞ்ஞானிகளை விட்டுவிட்டு, பஜ்ஜிக் கடை அக்கா ஒருவரிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? ''உச்சி வெயில்ல எவன் அண்ணாச்சி பஜ்ஜி திங்க வருவான்? யாவாரமே பொழுது அடையிற நேரத்துலதான!''

அவ்வளவுதான் விஷயம்! நம்மூர் தெருவோரக் கடைக்கு நல்ல நேரம் காலையில் இட்லி, மாலையில் வடை. இரண்டு நேரமும் சூரியன் பாதி லீவில் இருப்பார். தவிர, எண்ணெய்ச் சட்டிக்குக் கிட்டத்தட்ட 180 டிகிரி சூடு வேண்டும். பெட்டி அடுப்பு அவ்வளவு தாங்காது. கிண்ண அடுப்புக்கு அந்தச் சூடு உண்டு. ஆனால், சூரியன் நகர நகர அதைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். வியாபாரத்தைப் பார்ப்பாரா, வானத்தைப் பார்ப்பாரா?

பெரிய அடுக்களைக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1997-ல் ஆரோவில்லில் திறந்த சமையல்கூடத்தின் மாடியில், 15 மீட்டர் அகலத்தில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை அமைத்தார்கள். வெயிலில் நீராவி உண்டாக்கி, சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கிற ஏற்பாடு. மேகம் மூடினால் கைகொடுக்க டீசல் பாய்லர்! தள்ளுவண்டிக்காரர் பாய்லருக்கு எங்கே போவார்?

ஒரு பதில் திருவண்ணாமலையிலிருந்து வந்தது. வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி, கரி இல்லாத இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். கூரையில் சோலார் பலகை, கீழே பேட்டரி. பகல் வெயிலைப் பிடித்து வைத்து, வேண்டும்போது செலவழிக்கலாம். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை வரை அது அவரைக் கொண்டுபோனது. ஆடம்ஸிடம் இல்லாதது அந்தப் பேட்டரிதான்!

ஆனால், பேட்டரியே வேண்டாத ஒரு பண்டம் நம் கடற்கரையிலேயே இருக்கிறது. சுண்டல்! ராத்திரி ஊறவைத்து, உச்சி வெயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பட்டாணி நிதானமாக வெந்துவிடும். தாளிக்க மட்டும் துளி நெருப்பு. சாயங்காலம் தூக்குவாளியோடு கிளம்பலாம். விறகுச் செலவும் மிச்சம். அடுப்படியில் புகை குடிக்கிற நுரையீரலும் மிச்சம்.

இருநூற்றைம்பது வருடங்களாக அடுப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். எந்தப் பண்டம், எந்த நேரத்து வியாபாரம் என்று ஒரு சுண்டல்காரரிடம் முதலில் கேட்டிருக்கலாம்!