பரிசலைக் கரையேற்றிக் காக்கும் முறை

தோணியென்றவுடன் கடற்றுறைகளையே நினைப்பது நம்மவர் வழக்கம். கடலுக்கு நெடுந்தூரத்திலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் ஓர் நீர்வாகனம் உண்டு, அதுவே பரிசல். தென்பெண்ணையாற்றில் 1957-ஆம் வருஷம் திறக்கப்பெற்ற கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பிலும், தெற்கே காவிரி இரு ராஜ்யங்களுக்கும் எல்லையாய் ஓடும் ஒகேனக்கல்லிலும் அதனை இன்றுங் காணலாம். அதனை ஓட்டும் திறமையைப் பலரும் புகழ்வர். ஓட்டாத காலத்தில் காக்கும் திறமையைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆயினும் பரிசலின் ஆயுள் அதிலேதான் அடங்கியிருக்கின்றது.

இவ்விஷயம் மிகப் பழமையானது. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டினரான கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோன் நகருக்கு வரும் வட்டத் தோற்படகுகளைப் பற்றி எழுதியுள்ளார். சரக்கை விற்றபின் படகோட்டிகள் மரச்சட்டத்தையும் விற்றுவிட்டுத் தோலை மட்டும் கழுதைமேலேற்றித் தம்மூருக்குத் திரும்புவராம். சட்டம் எளிதிற் கிடைக்கும். தோலே முதல் என்பது அவர்கள் கணக்கு. நம் நாட்டில், 1520-ஆம் வருஷத்தையொட்டி விஜயநகரங் கண்ட போர்த்துக்கீசியர் டொமிங்கோ பேயஸும், தோல் போர்த்த கூடைப் படகுகள் சுழன்று சுழன்று ஆறு கடந்ததைக் குறித்துள்ளார்.

தோற்பரிசலைக் கரையில் வைப்பதற்கு மிகுந்த கவனம் வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் தோல் அழுகும்; கடும் வெயிலிற் காயவிட்டால் சுருங்கி வெடிப்பதுடன் மூங்கில் விளிம்பையும் இழுத்துக் கோணலாக்கும். ஆதலால் சேறு போகக் கழுவி, நிழலிற் காற்றாட உலர்த்தி, தோலுக்கு எண்ணெய் பூசுதல் முறை. பிறகு குப்புறக் கவிழ்த்துக் கற்களின்மேல் உயர்த்தி வைத்தல் வேண்டும். வாய் மேலாக வைத்தால் மழைநீர் தேங்கும். வெறுந்தரையில் வைத்தால் கறையான் ஏறும்.

இக்காலத்தில் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். இதனால் அப்பழைய படகோட்டிகளின் கணக்குத் தலைகீழாயிற்று. தாள் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மூங்கிற் பின்னலே இப்போது முதல். மூங்கிலிலுள்ள மாவுச்சத்தை நாடி வண்டு துளைக்கும். ஆகவே தார் உரிந்த இடங்களைப் பார்த்து மீண்டும் பூசுவதும், தளர்ந்த கட்டுக்களை முறுக்குவதும் கரையிலிருக்கும் நாட்களின் வேலையாகும். ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் இளைஞர் இதனை எளிதில் அறிவர். எண்ணெயிடாது நிறுத்திய இயந்திரம் ஓடிய இயந்திரத்தினும் விரைவிற் கெடுமன்றோ?

இஃது அற்ப விஷயமன்று. கன்னட நாட்டு அணைகள் நிரம்பி வழியும் ஆனி, ஆடி மாதங்களில் காவிரி பெருகும்போது, ஒகேனக்கல்லில் பரிசல் செலுத்துவதை அதிகாரிகள் தடுத்துவிடுகின்றனர். உயிரைக் காக்கும் அத்தடை நியாயமானதே. ஆனால் அந்நாட்களில் பரிசற்காரருக்கு வருமானமில்லை. வெள்ளம் வடிந்து துறை திறக்கும் நாளில், நன்கு வைத்த பரிசலுடையவன் அன்றே துடுப்பைப் பிடிப்பான்; அசட்டையாய் விட்டவன் புதுப்பரிசலுக்குக் கடன் தேடுவான்.

ஆதலின் அன்பர்காள், நம் முதியோர் அறிந்த இத்தகைய காப்பு முறைகளை அவர்களிடமே கேட்டு எழுதிவைப்போமாக. செய்யுந்தொழிலைக் கற்றவர் பலர். ஓய்ந்திருக்கும் கருவியைக் காக்கக் கற்றவரே வறுமைக்கு முன் அணை கட்டியவராவர்.