பாரிஸ் ஐலண்டின் டிரில் மாஸ்டர்கள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், பியூஃபர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், சதுப்பும் உப்பங்கழியும் சூழக் கிடக்கிறது பாரிஸ் ஐலண்ட். 1562இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டிப் பார்த்தார்கள்; தாக்குப்பிடிக்கவில்லை. பின்னால் வந்த ஸ்பானியர்களும் ஒரு கட்டத்தில் மூட்டை கட்டினார்கள். 1915 முதல் அமெரிக்க மரீன் படை இங்கே புது ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. 1929 வரை தீவுக்குப் பாலம் கிடையாது. படகில் வந்து இறங்கியவன் நினைத்தபோது திரும்பிப் போக முடியாது.

இன்றும் பஸ் பெரும்பாலும் இரவில்தான் வந்து நிற்கும். இறங்கும் முன்பே கூச்சல் தொடங்கிவிடும். தலை மொட்டையடிக்கப்படும். பயிற்சி முடியும்வரை புது ஆள் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘இந்த ரெக்ரூட்’ என்றுதான் தன்னைக் குறிப்பிட வேண்டும். தீவின் மணல் ஈக்கள் காதிலும் கழுத்திலும் மொய்த்துக் கடித்தாலும் அணிவகுப்பில் நிற்பவன் கையை அசைக்கக் கூடாது. இந்த மன அழுத்தம் தற்செயலாக வருவது அல்ல, திட்டமிட்டுக் கொடுக்கப்படுவது. உடைகிறவன் போர்க்களத்தில் உடைவதைவிட இங்கேயே உடைந்து போகட்டும் என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு. எவ்வளவு கொடுக்கலாம், கொடுப்பவனை யார் கவனிப்பது என்ற கேள்விகள் மட்டும் வெகுகாலம் எழவே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வேறொரு வழியை நம்பியது. மனம் பலவீனமானவர்களை வாசலிலேயே சலித்து ஒதுக்கிவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். மனநலக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அப்படியும் முகாம்களிலும் போர்முனையிலும் மனம் குலைந்தவர்களுக்குக் குறைவில்லை. 1942இல் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் மான்மத் சிக்னல் படைப் பயிற்சி மையத்தில் ஒரு மனநல ஆலோசனைப் பிரிவு தொடங்கப்பட்டது. மருத்துவருடன் சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்து பயிற்சி வீரர்களிடம் பேசினார்கள். காரணமில்லாத வயிற்றுவலி, தலைவலி, இரவில் படுக்கையை நனைப்பது, சொல்லாமல் முகாமைவிட்டுப் போவது என்று அதுவரை நடிப்பு என்றோ ஒழுங்கீனம் என்றோ தள்ளப்பட்டவை அங்கே அறிகுறிகளாகக் கணக்கில் வந்தன. நல்ல முயற்சிதான். ஆனாலும் எல்லாருடைய கண்ணும் பயிற்சி பெறுபவன் மேலேயே இருந்தது.

பார்வை பயிற்சி கொடுப்பவன் பக்கம் திரும்ப ஆறு உயிர்கள் போக வேண்டியிருந்தது.

1956 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் ஐலண்டின் துப்பாக்கி சுடும் திடலுக்குப் பக்கத்தில் 71ஆம் பிளாட்டூன் தங்கியிருந்தது. அதன் இளைய டிரில் இன்ஸ்ட்ரக்டர்களில் ஒருவர் ஸ்டாஃப் சார்ஜன்ட் மாத்யூ மெக்கியன், வயது 31. கொரியப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் இருந்தவர். டிரில் இன்ஸ்ட்ரக்டர் பள்ளியை முடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 71 தான் அவருடைய முதல் பிளாட்டூன். முதுகுத்தண்டுக் கோளாறினால் காலில் இறங்கும் வலி வேறு. ஒரு கழியை ஊன்றித்தான் நடந்தார். அன்று பகலில் கொஞ்சம் வோட்காவும் குடித்திருந்தார். பையன்கள் புல்தரையில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் இவர்களுக்கு ஒழுங்கு படியவே இல்லை என்று கோபம் வந்தது. இரவு எட்டு மணி வாக்கில் 74 பேரை அணிவகுத்து நடத்தி, ரிப்பன் க்ரீக் என்ற கழிமுக ஓடையில் இறக்கினார்.

முன்னால் இறங்கி நடந்தவர் அவரேதான். முதலில் பின்னாலிருந்து சிரிப்பும் கேலியும்கூடக் கேட்டன. ஓடையில் கடல் ஓதம் ஏறி இறங்கும். அடியில் கால் புதையும் சேறு. நடு ஓடையில் தரை திடீரென்று ஆழமானது. நீச்சல் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்து இழுக்க, இருட்டில் வரிசை கலைந்தது. மெக்கியன் தண்ணீரில் நின்று சிலரைக் கரை சேர்த்தார். ஆறு பேர் வரவில்லை.

அந்தக் கோடையில் தீவிலேயே ராணுவ நீதிமன்றம் கூடியது. நாடு முழுவதிலுமிருந்து பத்திரிகையாளர்கள் வந்து குவிந்தார்கள். மெக்கியனுக்காக வாதாட நியூ யார்க்கிலிருந்து காசு வாங்காமல் வந்தவர் எமில் ஸோலா பெர்மன். பிரெஞ்சு ராணுவ நீதிமன்றம் தண்டித்த டிரைஃபஸுக்காகப் பேனா பிடித்த எழுத்தாளரின் பெயரைப் பெற்றோர் அவருக்கு வைத்திருந்தார்கள். இப்படிச் சதுப்பில் இறக்கி நடத்துவது மெக்கியன் கண்டுபிடித்தது அல்ல, தீவில் பலரும் செய்து வந்ததுதான் என்பது பெர்மனின் வாதத்தின் முதுகெலும்பு. மரீன் படையின் தளபதி ஜெனரல் ராண்டால்ஃப் பேட் சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்தப் படையின் பெரும் வீரராகக் கொண்டாடப்பட்ட, ஓய்வு பெற்ற ‘செஸ்டி’ புல்லரும் வந்தார். தானாக இருந்தால் ஒரு பட்டையைப் பறித்து வேறு வேலைக்கு மாற்றியிருப்பேன் என்கிற அளவில் தளபதியே பேசியதைக் கேட்டு, செய்தி எழுத வந்தவர்கள் அசந்து போனார்கள்.

கொலைக்கு ஒரு படி கீழான பெரிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது, பணியில் குடித்தது ஆகியவை நின்றன. விதிக்கப்பட்ட ஒன்பது மாதக் கடுங்காவலைக் கடற்படைச் செயலர் மூன்று மாதமாகக் குறைத்தார். படையிலிருந்து விலக்கும் உத்தரவையும் ரத்து செய்தார். மெக்கியன் சாதாரணச் சிப்பாயாகப் பதவி இறங்கினார்.

உடல் அழுத்தத்தை எப்படித் தாங்குகிறது, எங்கே தோற்கிறது என்று பொதுவாசகர்களுக்கு விளக்கிய ஹான்ஸ் செல்யேயின் ‘வாழ்வின் அழுத்தம்’ என்ற புத்தகம் வெளியானதும் அதே 1956இல்தான். அந்தப் புத்தகத்துக்கும் தீவுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தாலும் நீதிமன்றத்தில் அம்பலமானது கிட்டத்தட்ட அந்தச் சமாச்சாரம்தான். வலியோடும் அனுபவமில்லாமலும் மேற்பார்வை இல்லாமலும் இரவும் பகலும் எழுபது பேரை மேய்க்கும் ஒருவனிடம் அளவில்லாத அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது.

சீர்திருத்தங்கள் வேகமாக வந்தன. பயிற்சிக்கென்று தனித் தலைமை அமைக்கப்பட்டு, பாரிஸ் ஐலண்டுக்கு பிரிகேடியர் ஜெனரல் வாலஸ் கிரீன் அனுப்பப்பட்டார். பிளாட்டூன்களுக்கு மேல் அதிகாரிகளின் கண்காணிப்பு கூடியது. உடல் தேறாதவர்களைத் தண்டிக்காமல் தனிப் பிரிவில் வைத்துத் தேற்றும் வழக்கம் வந்தது. டிரில் இன்ஸ்ட்ரக்டர்களின் மனம் தளராதிருக்க அகல விளிம்புத் தொப்பி ஒன்றும் கிடைத்தது. இன்று ஹாலிவுட் படங்களில் பார்த்ததுமே பயமூட்டும் அந்தத் தொப்பி அப்படி ஆறுதலாக வந்து சேர்ந்தது!

ஆனால் தனிப் பிரிவுகளுக்கும் ஒரு கெட்ட முகம் முளைத்தது. பின்தங்கியவர்களுக்கு ஊக்கமூட்டவென்று ‘மோட்டிவேஷன் பிளாட்டூன்’ நடத்தினார்கள். 1975 டிசம்பரில் மரீன் படையின் சான் டியேகோ முகாமில் அப்படி ஒன்றில் இருந்த, உருவத்தில் சிறிய ஒரு இளைஞனை, நுனியில் பஞ்சுறை போட்ட கழிச்சண்டையில் மாற்றி மாற்றி ஆட்களை விட்டு அடிக்க வைத்தார்கள். மயங்கி விழுந்தவன் சில மாதங்களில் இறந்தான். 1976இல் நாடாளுமன்ற விசாரணை நடந்தது. அப்போதைய தளபதி லூயிஸ் வில்சன் அந்தப் பிளாட்டூன்களைக் கலைத்தார். ரெக்ரூட்டுக்கு இரவில் எட்டு மணி நேரத் தூக்கமும் தினமும் கொஞ்சம் ஓய்வு நேரமும் உண்டு என்று விதித்தார். மன அழுத்தத்துக்கு மருந்தாக ராணுவங்கள் எழுதிய சீட்டுகளிலேயே உருப்படியானது இந்தத் தூக்கம்தான் என்று சொல்லலாம்.

அப்புறமும் கதை நேர்கோட்டில் போகவில்லை. 2016 மார்ச்சில் பாரிஸ் ஐலண்டுக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு முஸ்லிம் ரெக்ரூட் மூன்று மாடி உயரத்திலிருந்து குதித்து இறந்தான். சில நாட்களுக்கு முன்பே தற்கொலை எண்ணத்தைச் சொல்லியிருந்தான். பரிசோதித்துவிட்டு அதே பிளாட்டூனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கடைசி நாள் காலை தொண்டை வீங்கிப் பேச முடியாமல், மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் காட்டியவனை ஓட விட்டார்கள். அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்டது, பதிவும் செய்யப்பட்டது. அதைக் கொடுத்தவரிடமே அவனை ஒப்படைத்தது யாருக்கும் உறுத்தவில்லை. அந்த டிரில் இன்ஸ்ட்ரக்டருக்கு 2017இல் பத்தாண்டு சிறை கிடைத்தது. விசாரணையில் இருக்கும் பயிற்சியாளரை உடனே விலக்கி வைக்க வேண்டும் என்ற விதியும் அதற்குப் பிறகு இறுகியது.

தரைப்படையில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1964இல் டிரில் சார்ஜன்ட் பள்ளியைத் தொடங்கிய அந்தப் படையில், வந்திறங்கும் புதியவர்களைச் சார்ஜன்ட்கள் சூழ்ந்து முகத்துக்கு நேரே கத்தும் ‘சுறாத் தாக்குதல்’ பல காலம் நடந்து வந்தது. 2020இல் ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங் முகாமில் காலாட்படைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பதிலாக வந்தது ‘முதல் நூறு கஜம்’ என்ற குழுப் பயிற்சி. புதியவர்கள் சேர்ந்து தளவாடங்களைச் சுமக்க வேண்டும். யோசித்துச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். படைப்பிரிவின் வரலாற்றையும் கேட்க வேண்டும். ராணுவம் பூஞ்சையாகிவிட்டது என்று பழைய வீரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். முதல் நாளில் கத்துவதால் பயம்தான் வளர்கிறது, தலைவன் மேல் நம்பிக்கை வளர்வதில்லை என்று அங்குள்ள மூத்த சார்ஜன்ட்கள் பதில் சொன்னார்கள். பயிற்சியின் 22 வாரங்களில் ஒரு வாரத்தையும் அவர்கள் குறைக்கவில்லை.