பழைய கம்ப்யூட்டர் லோகோவோடு நின்னுடுதா? ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

முதலில் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பென் டிரைவில் இருந்து பூட் ஆகப் பார்த்தே சில கம்ப்யூட்டர்கள் நின்றுவிடும். தேதி, நேரம் தப்பாகக் காட்டுதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் பயாஸ் செட்டிங் அழிந்து, எந்த டிஸ்கில் பூட் ஆகணும்னே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், விலையும் குறைவுதான். அப்புறமும் நிற்குதா? பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, துடைத்து மாட்டுங்கள்.

ஆனால் ஹார்ட் டிஸ்கில் 'டிக் டிக்' சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீங்க. ஓட ஓட டிஸ்க் இன்னும் சேதமாகும். உள்ளே இருக்கும் குடும்ப போட்டோக்களை மீட்கவே முடியாமல் போகலாம். முதலில் டேட்டாவை எடுக்கச் சொல்லுங்கள், ஃபார்மேட் எல்லாம் அப்புறம்தான்.