எத்திடியம் புரோமைடு: உடல்நலத் தீங்குகளும் பாதுகாப்பான கையாளுகையும்

எத்திடியம் புரோமைடு, மூலக்கூறு உயிரியல் ஆய்வகங்களில் டி.என்.ஏ.வைக் கண்ணுக்குப் புலப்படுத்தப் பயன்படும் சாயம். அடர்சிவப்பு நிறத் தூள், நீரில் கரையும். சடுதிமாற்றத்தைத் தூண்டும் வேதிப்பொருள்களில் மாணவர்கள் முதலில் கையிலெடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இதன் தட்டையான மூலக்கூறு, டி.என்.ஏ. ஏணியின் அடுத்தடுத்த படிகளுக்கு நடுவே செருகிக்கொள்கிறது. செருகியபின் புற ஊதா ஒளியில் சுமார் 20 மடங்கு கூடுதலாக, ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. டி.என்.ஏ. துண்டுகளைப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் தெரியும் பட்டைகள் இப்படித் தோன்றுபவையே. ஆபத்தும் இந்தச் செருகலில்தான் இருக்கிறது. படிகள் விலகிய டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது ஓர் எழுத்து கூடலாம், குறையலாம். அந்த மரபணுவில் அதன்பின் வரும் செய்தி முழுவதும் பிறழ்ந்துவிடும்.

இதை வெளிக்காட்டியது, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஏம்ஸ் 1970களில் உருவாக்கிய, சால்மோனெல்லா பாக்டீரியாவில் சடுதிமாற்றத்தை அளக்கும் சோதனை. எலியின் கல்லீரல் சாற்றைச் சேர்க்கும்போது எத்திடியம் புரோமைடு அதில் வலுவான சடுதிமாற்றியாகிறது. உடலுக்குள் போன பின் கல்லீரல் நொதிகளே அதைத் தீங்கானதாக மாற்றக்கூடும் என்பது இதன் பொருள்.

மனிதரில் இது புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. 'ஹோமிடியம்' என்ற பெயரில் இதே பொருள், ஆப்பிரிக்காவில் மாடுகளைத் தாக்கும் டிரிப்பனோசோம் நோய்க்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் 1950களிலிருந்து ஊசியாகப் போடப்பட்டு வருகிறது. இதைக் காட்டி, ஆய்வகப் பயம் மிகையானது என்பாரும் உண்டு. மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே கலந்த ஜெல்லைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலமாரியில் இருக்கும் மூலக்கரைசலின் செறிவு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது ஜெல்லைப்போல் 20,000 மடங்கு. உலர்தூளோ மூச்சில் கலந்தால் கடும் நஞ்சு. மாட்டுக்கு ஊசி எப்போதாவது; ஆய்வாளர் கையாள்வதோ ஆண்டுக்கணக்கில். எனவே தூளை வாங்கி எடைபோடுவதைக் கைவிட்டு, ஆயத்தக் கரைசலாக வாங்குவதே முதல் பாதுகாப்பு.

கையாளும்போது நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் கையுறையோடு வேறெதையும் தொடாதிருப்பது. விளக்கை அணைத்துவிட்டுக் கையடக்கப் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தால், பிப்பெட்டின் பிடியிலும் மைக்ரோவேவ் பொத்தானிலும் கதவுக் கைப்பிடியிலும் ஆரஞ்சுத் தீற்றல்கள் தெரியவரும். மேசையைத் துடைத்தபின் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கவும் இதே வழிதான். கொதிக்கும் அகரோஸில் சாயத்தை ஊற்றக்கூடாது; ஆவியோடு துளிகள் தெறிக்கும். சுமார் 60 பாகை செல்சியசுக்கு ஆறிய பின்பே சேர்க்க வேண்டும். ஜெல்லைப் பார்க்கும் புற ஊதாப் பெட்டியும் தனி ஆபத்து. முகக்கவசம் இல்லாமல் குனிந்து பார்த்தால் சில மணி நேரம் கழித்துக் கண் எரியும், நீர் வடியும். கையுறைக்கும் கோட்டின் கைக்கும் இடையே திறந்திருக்கும் மணிக்கட்டும் வெந்து சிவக்கும்.

கழிவில்தான் தவறு அதிகம். பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் நிறம் போய்விடும், தீங்கு போகாது. அப்படி உண்டாகும் விளைபொருள்களும் சடுதிமாற்றம் தூண்டுவதை லன், சான்சோன் இருவரும் 1987இல் காட்டினர். சோடியம் நைட்ரைட்டும் ஹைப்போபாஸ்பரஸ் அமிலமும் சேர்த்துச் சிதைக்கும் முறையையும் தந்தனர். நீர்த்த கரைசலைச் செயலூட்டிய கரியில் வடிகட்டி, அந்தக் கரியை எரியூட்டலுக்கு அனுப்புவது எளிது. சாயமேறிய ஜெல்லைச் சாதாரணக் குப்பைக்கூடையில் போடுவது மன்னிக்கத்தகாதது. அந்தக் கூடையை வெறுங்கையால் எடுப்பவர் துப்புரவுப் பணியாளர்; உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை.

சைபர் சேஃப், ஜெல்ரெட் போன்ற மாற்றுச் சாயங்கள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. இவையும் டி.என்.ஏ.வோடு பிணைபவையே என்பதால் கையுறை இவற்றுக்கும் வேண்டும். சைபர் சேஃபை நீல ஒளியிலேயே பார்க்கலாம். கண்ணுக்குப் புற ஊதாத் தொல்லை இல்லை, ஜெல்லிலிருந்து வெட்டியெடுக்கும் டி.என்.ஏ.வும் சிதையாமல் கிடைக்கும்.