தனிம வகைப்பாடும் பெயரீடும்

தனிமங்களை அவற்றின் பண்புகளைக் கொண்டு வகைப்படுத்த மேற்கொள்ளப்பட்ட தொடக்கக்கால முயற்சிகள் வேதியியல் வரலாற்றுக்கு மட்டுமன்றிக் கலைச்சொல்லாக்க வரலாற்றுக்கும் உரியவை. வகைப்பாடு மாறுந்தோறும் பெயரிடும் முறையும் மாறியதை அவற்றில் காணலாம்.

லவாசியர் 1789இல் வெளியிட்ட பட்டியலில் 33 தனிப்பொருள்கள் நான்கு பிரிவுகளில் அடங்கின. ஒளியும் வெப்பமும்கூட அவற்றுள் இடம்பெற்றன. அமிலங்கள் அனைத்திற்கும் ஆக்சிஜனே காரணம் எனக் கருதிய அவர், ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்னும் பொருள்படக் கிரேக்க வேர்களைக்கொண்டு அப்பெயரை ஆக்கினார். குளோரின் ஒரு தனிமமே என 1810இல் டேவி அறிவித்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்பது தெளிவாயிற்று. கொள்கை வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. ஜெர்மன் மொழியிலோ அப்பெயர் ‘புளிப்புப் பொருள்’ எனப் பொருள்வழிப் பெயர்க்கப்பட்டது. பிழைபட்ட கொள்கையும் அதனுடன் பெயர்ந்து சென்றது.

அடுத்த நிலையில் எண் உறவுகள் நோக்கப்பட்டன. குளோரின், புரோமின், அயோடின் போன்ற மும்மைகளில் நடுத் தனிமத்தின் அணு எடை ஏனைய இரண்டின் சராசரியை ஒட்டி அமைவதை டோபரைனர் 1829இல் விளக்கினார். அணு எடை வரிசையில் எட்டாவது தனிமம்தோறும் பண்புகள் மீள்வதை நியூலாந்து 1865இல் சுட்டினார். மறு ஆண்டு இலண்டன் வேதியியல் கழகத்தில், தனிமங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்ததுண்டா என அவரிடம் எள்ளலாக வினவப்பட்டது.

1869இல் மெண்டலீவ் தம் அட்டவணையில் வெற்றிடங்களை விட்டுவைத்தார். 1871இல் மூன்று வெற்றிடங்களுக்கு ஏகபோரான், ஏக அலுமினியம், ஏகசிலிக்கான் எனப் பெயரிட்டார். ‘ஏக’ என்பது வடமொழி எண்ணுப்பெயர். அறியப்பட்ட தனிமத்திற்கு ஓரிடம் அடுத்தது என்பதே இங்கு அதன் பொருள். வடமொழி அறிஞர் பொத்லிங்கின் தொடர்பால், ஒலிகளை நிரல்படுத்தும் இந்திய இலக்கண மரபு மெண்டலீவை எட்டியிருக்கலாம் என மொழியியலாளர் கிபார்ஸ்கி கருதுகிறார். எனினும் இதற்கு நேரடிச் சான்று இல்லை.

இவ்விடங்களுக்குரிய காலியம் 1875இலும், ஸ்காண்டியம் 1879இலும், ஜெர்மானியம் 1886இலும் கண்டறியப்பட்டன. ஏகசிலிக்கானின் அணு எடை 72 என அவர் கணித்திருந்தார். ஜெர்மானியத்தின் அணு எடை ஏறத்தாழ 72.6 ஆகும்.

ஆக்சிஜன் என்னும் பெயர் பண்பை உறுதியாகச் சொல்லிப் பிழைத்தது. ஏகசிலிக்கான் என்னும் பெயர் இடத்தை மட்டும் சொல்லித் தன் பணி முடிந்ததும் விலகியது. சொல்லின் பொருளைப் பெயர்ப்பதா, அமைப்பில் அச்சொல் பெறும் இடத்தைப் பெயர்ப்பதா என்பதைத் துணியுமுன், மூலச்சொல் எக்கொள்கையைச் சுமந்துள்ளது என ஆராய்தல் மொழிபெயர்ப்பாளரின் கடனாகும்.